மடைக்காவல் சார்

அக்டோபர் 10, வெள்ளி

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வாக்கியம்: "இந்த விளையாட்டு எனக்குத் தெரியும்."

சொல்ல நேரம் இருந்தது. மாலை ஆறரைக்கு அவர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தார். டீ கேட்கவில்லை. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

"மதி, இங்குட்டு வாயேன். ஒண்ணு காட்டுறேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"முதல்ல காட்டுங்க."

திரையில் ஓர் ஆறு, ஒரு குன்று, நிறைய வெற்று நிலம். மேலே பெயர்: டெல்டாபோலிஸ் 2.

"இது டெமோ. அடுத்த மாசந்தான் ரிலீஸ். அதுக்கு முன்னாடி பத்து நாளைக்குச் சும்மா விளையாடிப் பாக்க விட்டிருக்கான். நாம ஒரு ஊர் கட்டணும். ரோடு, வீடு, வடிகால், சந்தை எல்லாம். ஒழுங்காக் கட்டுனா ஆளுங்க குடி வருவாங்க. சொதப்புனா மூட்டையக் கட்டிட்டுப் போயிருவாங்க. பன்னெண்டு வருசம் ஓடும், அதோட டெமோ நின்னுரும்."

"ஓ," என்றேன்.

இதன் முதல் பாகத்தை நான் ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம் விளையாடியிருக்கிறேன். தூத்துக்குடியில், என் அறையில், கல்லூரி முடித்து வேலைக்குப் போன நான்கு வருடங்களில். விளையாட்டே கணக்கு வைத்துச் சொல்லும், அதனால் மணி நேரம் சரியாகத் தெரியும்.

அவர் எனக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "இடது பக்கம் அமுக்குனா போடும், வலது பக்கம் அமுக்குனா எடுக்கும். பயப்படாத, எதுவும் கெட்டுப் போகாது."

ஏன் சொல்லவில்லை? கல்யாணம் ஆன நான்கு மாதத்தில் சொக்கலிங்கம் என்கிற இந்த மனிதர் தொடர்ந்து பத்து வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. "சாப்பிட்டியா", "மோட்டார் போட்டியா", "நான் வரேன்", அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் பேசும் ஆள் இல்லை. புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். அவர் என்னைக் கலைக்காமல் பூனைபோல நடப்பார். இன்றைக்கு அவர் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். ரோடு போடுவது எப்படி என்று சொல்லும்போது அவர் முகம் வேறு யாருடையதோ போல, நான் இன்னும் பார்க்காத ஒருவருடையதுபோல இருந்தது. அந்த முகத்தின் வெளிச்சத்தை நான் அணைப்பானேன்?

நாளை சொல்லிக்கொள்ளலாம். மாவுக்கு ஊறப் போட வேண்டும்.

அக்டோபர் 11, சனி

ஊருக்கு மதியூர் என்று பெயர் வைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. தட்டச்சு செய்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரையையே பார்த்தேன்.

அவர் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவர். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" என்று நாள் முழுக்கக் கேட்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை ஆற்றங்கரையில் வைத்துக் காட்டுவார், குன்றடியில் வைத்துக் காட்டுவார். "ஒண்ணா, ரெண்டா?" நான் "ரெண்டு" என்றால் "கரெக்ட்டு!" என்று மேசையைத் தட்டுவார். புதிதாக விளையாடுகிறவள் எத்தனை முறை சரியாகச் சொல்லலாம் என்று யோசித்து, நான்கில் ஒன்றைத் தப்பாகச் சொன்னேன்.

பிறகுதான் வினையே. அலமாரியிலிருந்து ஸ்பைரல் போட்ட ஒரு தாள்கட்டை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியின் பழைய படிவங்களுடைய பின்பக்கத்தில் அச்செடுத்தது.

"இதான் பைபிள். முதல் பாகத்துக்கு ஒருத்தர் தமிழ்லயே வழிகாட்டி எழுதியிருக்காரு. நாப்பத்தோரு பகுதி! மடைக்காவல்னு பேரு. ரிட்டயர்டான பொதுப்பணித்துறை இஞ்சினியரா இருக்கும்னு நெனைக்கிறேன். என்னா அறிவுங்கிற! சார் சொன்னபடி செஞ்சா ஊர் தப்பவே தப்பாது."

அந்த சார் நான்தான்.

இணைய மன்றத்தில் அந்தப் பெயரை நான் வைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என் எழுத்து அவர் மடியில் கிடந்தது, மஞ்சள் பேனாவில் கோடு போட்டு. என்னுடைய வாக்கியம் ஒன்றை அவர் எனக்கே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது.

"இவ்வளவு மரியாத, ஆனா பதினேழாவது பகுதியில சார் கணக்குல கோட்டை விட்டுட்டாரு," என்றார். "ஒரு தண்ணித் தொட்டிக்கு நாப்பது வீடுன்னு போட்டிருக்காரு. முப்பத்தாறுதான் வருது."

"இல்லியே, நாப்ப..." என்று ஆரம்பித்து, இருமினேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

பின்னர் பாத்திரம் கழுவும்போது மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

கல்லூரி விடுதியிலிருந்து என் நாத்தனார் கயல் வந்தாள். எலும்புக் குழம்பு வைத்தேன். தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு லேப்டாப்புக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களையும் பிடிச்சு உக்கார வச்சுட்டானா? சின்ன வயசுல தீப்பெட்டியில ஊரு கட்டுவான். நான் போயி மிதிச்சு விடுவேன்."

"நீ மிதிக்கிறதுக்குன்னே பொறந்தவ," என்றார் அவர்.

"என்ன அண்ணி, பிடிக்குதா? இல்ல, புருசன் மனசு நோகக் கூடாதுன்னு பாக்குறீங்களா?"

"பிடிக்கி," என்றேன். என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. இருவரும் "பிடிக்கி, பிடிக்கி" என்று சொல்லிச் சிரித்தார்கள். தூத்துக்குடிக்காரியை மதுரைக்காரர்கள் கேலி செய்வதற்கு ஏதாவது தகுதி இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

அவர் மோர் எடுக்கப் போனபோது மவுஸ் என்னிடம் வந்தது. சந்தைக்குப் போகிற ரோடு கோணலாக நின்றது. யோசிக்காமல் இடது கையால் ஒரு எழுத்தை அமுக்கி ரோட்டைத் திருப்பி, இன்னொன்றை அமுக்கி உயரத்தைச் சரிசெய்து, வைத்துவிட்டேன். இரண்டு நொடி. திரும்பினால் கயல் எலும்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

அக்டோபர் 13, திங்கள்

மதியூரில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஏரி இருக்கிறது. இன்று அதை மூடி, அதன்மேல் சந்தை கட்டினோம். வழிகாட்டியின் ஒன்பதாம் பகுதி அப்படித்தான் சொல்கிறது: ஏரி சமதளம், ஊருக்கு நடுவில் இருக்கிறது, மூடினால் இடம் கிடைக்கும். முதல் பாகத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அதில் மழையே கிடையாது.

இரண்டாம் பாகத்தில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மேகம் இருக்கிறது. அதன்மேல் மவுஸை வைத்தால் மாதவாரியாக மழை அளவு வருகிறது. நான் முதல் நாளே பார்த்துவிட்டேன்.

"இது ஏரியில்லா? இத மூடணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சார் சொல்லிட்டாரு," என்றார். "நீ யோசிக்காத."

யோசித்தேன். மேகத்தைக் காட்டியிருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதற்காக இன்னும் எத்தனை வாக்கியத்தைத்தான் விழுங்குவது?

அக்டோபர் 14, செவ்வாய்

துணி காயவில்லை. மதியூரில் இரண்டாயிரம் பேர்.

அக்டோபர் 15, புதன்

ஆறாம் வருடம் ஐப்பசியில் மதியூர் மூழ்கியது.

முதலில் சந்தையைச் சுற்றித் தரை கறுத்தது. மழை என்று நினைத்தார். பிறகு கடைகளின் கூரை மட்டும் தெரிந்தது. தண்ணீருக்குத் தன் பழைய இடம் நினைவிருக்கிறது. நேராக அங்கேதான் வந்தது. குட்டிக் குட்டி மனிதர்கள் தலையில் பெட்டியோடு வடக்கு ரோட்டில் வரிசையாகப் போனார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

இந்தக் காலனியின் பெயர் தாமரைக்குளம் நகர். இங்கே தாமரையும் இல்லை, குளமும் இல்லை. போன வாரம் பெய்த மழையில் எங்கள் வாசலில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரை இருவரும் சேர்ந்து துடைப்பத்தால் தள்ளினோம். அப்போதுகூட எனக்கு ஒன்பதாம் பகுதி நினைவுக்கு வரவில்லை.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார் சொன்னபடிதான செஞ்சேன். நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "உனக்குச் சப்புனு போச்சா?" என்றார்.

"இல்லங்க."

"நல்லா ஆரம்பிச்சு இப்படி ஆயிருச்சு. சாருக்கே எழுதிக் கேக்கப் போறேன்."

அக்டோபர் 16, வியாழன்

காலை பதினொன்றரைக்கு என் ஃபோனில் வந்தது, மன்றம் வழியாக, மடைக்காவலுக்கு. சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், நோயாளிகளுக்கு நடுவே தட்டச்சு செய்திருக்கிறார். எழுத்தில் அவர் வேறு மாதிரி, ஏதோ விண்ணப்பம் எழுதுகிறவர்போல.

"ஐயா, வணக்கம். தங்கள் வழிகாட்டியை மூன்று வருடமாகப் படிக்கிறேன். டெமோவில் ஒன்பதாம் பகுதியின்படி ஏரியில் சந்தை கட்டினேன், ஊர் மூழ்கிவிட்டது. என் தவறு எங்கே என்று சொல்ல வேண்டும். இது எனக்கு வெறும் விளையாட்டு என்றால் தங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். என் மனைவி நிறையப் படிப்பவர். நான் படிக்காதவன், பாடப் புத்தகம் தவிர. அவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தே பேசாமல் இருந்தேன். இந்த ஒரு வாரமாகத்தான் வீட்டுக்கு வரும்போது பேச ஏதோ இருக்கிறது. டெமோ ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதற்குள் இந்த ஊரை நிமிர்த்திவிட வேண்டும். வழி இருந்தால் சொல்லுங்கள்."

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. சட்டியைச் சுரண்டிக்கொண்டே மறுபடி படித்தேன். ஃபோனில் கரி ஒட்டியது.

எனக்கு எழுதியதுதான். என்னிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் அடிப்பிடித்த பீன்ஸை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னால் முடியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மடைக்காவலாகப் பதில் எழுதினேன்: "தவறு உங்களுடையது அல்ல. ஒன்பதாம் பகுதி தவறு. சந்தையை இடித்துவிட்டு ஏரியைத் திரும்பத் தோண்டுங்கள். ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால், வழிந்து போக ஒரு கலங்கல். சந்தை குன்றடிக்குப் போகட்டும். மேகத்தின்மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். பதினேழாம் பகுதியிலும் கணக்கு தவறு, முப்பத்தாறு வீடுதான்." அவர் மனைவியைப் பற்றி அந்த சார் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன எழுதுவார்?

வாசற்படி ஏறும்போதே அவர் குரல் கேட்டது. "மதி! சார் பதில் போட்டுட்டாரு!"

எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எம்புட்டுப் பெரிய மனுசன் பாரு. நாலு வருசமா எழுதுறவரு, தப்பு என் மேலன்னு ஒரு வரியில சொல்லிட்டாரு. நம்ம டாக்டருங்க யாராவது சொல்லுவாங்களா?"

நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். இன்றைய சமையலில் வெங்காயம் கிடையாது.

ஏரியைத் தோண்டினோம். தண்ணீர் வந்து நிறைந்ததும் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது. முதல் பாகத்தில் கொக்கு கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் "ஐ!" என்றோம்.

பிறகு அம்மா ஃபோன். தலைத் தீபாவளிக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பி வருவதை மூன்றாவது முறையாக உறுதிசெய்துகொண்டாள்.

"ஏட்டி, ஒங்கப்பா பண்ணுத கூத்தக் கேளு. நீ கம்ப்யூட்டர்ல கட்டுன ஊரு இருக்குல்லா, அத பெருசாப் பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காவ. 'மாப்பிள்ள வந்ததும் முதல்ல இதத்தான் காட்டணும், எம் மவ நாலு வருசம் தூங்காமக் கட்டுன ஊரு'ன்னு தெருவுக்கே சொல்லியாச்சு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அப்பா. எதையும் உயரத்தில் தூக்கி நிறுத்தாவிட்டால் அவருக்கு ஆகாது.

அக்டோபர் 18, சனி

அவர் காலையிலேயே வேலைக்குப் போனார். கயல் தீபாவளிச் சேலையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னாள்:

"அண்ணி, ஒரு எழுத்த அமுக்குனா ரோடு திரும்பும்னு என் அண்ணனுக்கே தெரியாது. மூணு வருசமா எலிய வச்சு உருட்டிக்கிருக்கான்."

நான் எண்ணெயையே பார்த்தேன்.

"நல்லா விளையாடுவீங்களோ?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

சொன்னேன். எல்லாவற்றையும், மடைக்காவல் முதல் அப்பா மாட்டிய பிரேம் வரை. முறுக்கு அவள் கையிலிருந்து சட்டிக்குள் விழுந்தது.

"ஆத்தி! அந்த சாரா! அண்ணி, அவன் அந்தாளு படம் கெடச்சா மாலை போட்டு மாட்டிருவான்!" மேடையில் குப்புற விழாத குறையாகச் சிரித்தாள். சிரித்து முடித்தபின், "அவன் என்னமோ எழுதியிருக்கானா உங்களுக்கு? முகம் சரியில்லையே," என்றாள்.

"எழுதியிருக்காவ."

"என்னன்னு கேக்க மாட்டேன். ஆனா நாளைக்கு உங்க வீட்டு ஹால்ல உங்கப்பா வாயால அவன் தெரிஞ்சுக்கிட்டா, அத்தன பேர் முன்னாடி பல்லக் காட்டிச் சிரிப்பான். அப்புறம் உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டான். பழைய மாதிரி 'மோட்டார் போட்டியா'தான். எனக்கு அவனத் தெரியும்."

இருபது வயதுதான் அவளுக்கு. தீப்பெட்டி வீடுகளை மிதித்து மிதித்தே அண்ணனைப் படித்திருக்கிறாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தோம். டெமோவில் ஒரு வருடம் மிச்சம். போனவர்களில் முந்நூறு பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஐப்பசி மழை பெய்து ஏரி நிறைந்து கலங்கலில் வழிந்தது. ஒரு வீட்டில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. பன்னிரண்டாம் வருடம் முடிந்து திரை அசையாமல் நின்றது.

"சாருக்கு நன்றி சொல்லணும்," என்றார்.

"லேப்டாப்ப இங்க தாங்க," என்றேன்.

மன்றத்தைத் திறந்து, பெயர் இருக்கும் இடத்தில் மடைக்காவல் என்று தட்டச்சு செய்தேன். கடவுச்சொல்லை அவர் பார்க்கும்படியே அடித்தேன். உள்ளே போனது. ஒன்பதாம் பகுதியைத் திறந்து, மேலே ஒரு வரி சேர்த்தேன்: "இது தவறு. ஏரியை மூடாதீர்கள்." சேமித்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரை. லென்ஸ் மாற்றிய நோயாளிகள் இப்படித்தான் பார்ப்பார்களாக இருக்கும்.

"நீயா?"

"நான்தான்."

"முதல்லருந்தே?"

"முதல்லருந்தே. சொல்லியிருக்கணும். நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொல்லித் தந்திய..."

அவர் கவனம் அங்கே இல்லை. "அப்ப நான் எழுதுனது..."

"வந்தது."

"முழுசாப் படிச்சியா?"

"முழுசா."

எழுந்து போய்ப் பைகளைக் கட்டினார். கட்டிய பையை அவிழ்த்து மறுபடி கட்டினார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனோம். பேருந்தில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டார், பேசாமல்தான். அருப்புக்கோட்டை வரை கோபமா, வெட்கமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அவர் எனக்குக் காட்ட நினைக்காத ஒன்றை நான் படித்துவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை அதற்குப் போதாது என்று பட்டது. இந்த நோட்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அம்மா ஒருமுறை அட்டையைத் தொட்டதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். பையிலிருந்து எடுத்தேன். அக்டோபர் 10 பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன்.

மெதுவாகப் படிக்கிறார் மனிதர். பந்தல்குடி தாண்டியும் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் என்றுதான் கொடுத்தேன். திரும்ப வாங்கவும் இல்லை.

எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நோட்டு என் மடிக்குத் திரும்பி வந்தது.

"பதினேழாவது பகுதி," என்றார், எதிர் சீட்டைப் பார்த்தபடி. "முப்பத்தாறுதான?"

"முப்பத்தாறுதான்."

"அன்னைக்கு நான் சொன்னப்பவே தெரியுமா?"

"பாத்திரம் கழுவும்போது தெரிஞ்சிது."

"நாலுல ஒண்ணத் தப்பாச் சொன்னியாமே." அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "மவுஸு பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன், மடைக்காவலுக்கு! ஆயிரத்து நூத்து நாப்பது மணி நேரம்! கயலுக்குத் தெரியுமா?"

"நேத்துச் சொல்லிட்டேன்."

"செத்தேன்," என்றார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நேற்று வீட்டுக்குள் காலை வைத்ததும் அப்பா அவரை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பிரேம் கதவு அகலத்துக்கு இருந்தது. தெருவே வாசலில் நின்றது.

"மாப்பிள்ள, இது யாரு கட்டுன ஊருன்னு சொல்லுங்க பாப்போம்!"

"மடைக்காவல் சார் கட்டுனது மாமா."

"எந்த சாரு? எம் மவ கட்டுனது!"

"அவங்களத்தான் சொல்றேன்," என்றார். பிறகு ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்ப்பதுபோலப் படத்துக்கு வெகு அருகே போய், நடு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தச் சந்தை ஏரி மேல நிக்குது மாமா. மழை வந்தா போயிரும்."

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. அம்மா அடுக்களையிலிருந்து, "மாப்பிள்ள வந்த அன்னைக்கே குத்தம் கண்டுபிடிச்சிட்டாவ, நமக்கேத்த ஆளுதான்," என்றாள்.

இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் இந்த நோட்டைத் திறந்தேன். அக்டோபர் 11 பக்கத்தில், நான் ஒற்றுப்பிழை என்று எழுதிய இடத்தின் ஓரத்தில் பென்சிலால்: "எந்த வரியில்? திருத்தித் தரவும்."

நவம்பர் 16, ஞாயிறு

டெல்டாபோலிஸ் 2 நேற்று வெளியானது. டெமோவில் கட்டிய ஊர் இதில் வராது. மதியூர் இப்போது எங்கும் இல்லை. புதிதாகத் தொடங்கினோம். ரோட்டை அவர் போட்டார், எழுத்தை அமுக்கித் திருப்பி. ஏரியை விட்டுவிட்டோம்.